தண்ணீர்த் தொட்டியில் பிரசவம்: கொங்குப் பகுதிப் பெண்கள் முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து கோவைக்கு ஏழு முறை போய்வந்து, இரண்டு மருத்துவமனைகள் மாறி, கட்டிய முன்பணத்தில் பாதியை இழந்த பிறகே நான் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டேன். என் மகளுக்கு இப்போது எட்டு மாதம் ஆகிறது. அடுத்து விசாரிக்கத் தொடங்கும் பெண்ணுக்கு அந்த ஏழு பயணங்கள் இரண்டாகக் குறைய வேண்டும் என்பதற்காக, நான் செய்த தவறுகளையும் சேர்த்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. மருத்துவரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டிய கேள்விகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு செயல்களைத் தனித்தனியாகப் பாருங்கள்

தண்ணீர்ப் பிரசவம் என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும், அதற்குள் இரண்டு செயல்கள் இருக்கின்றன. இடுப்பு வலி வந்த பிறகு வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்து வலியைத் தாங்குவது ஒன்று. குழந்தையை நீருக்குள்ளேயே பெற்றெடுப்பது இன்னொன்று. இவற்றுக்குத் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும் என்பதை 33-ஆவது வாரம் வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலாவதற்கு ஆதாரம் ஓரளவு உறுதியாக இருக்கிறது. 2018-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 15 ஆய்வுகளில் பங்கேற்ற 3,600-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, வலி கட்டத்தில் நீரில் இருந்த பெண்களிடையே முதுகுத்தண்டு வழி மரப்பு ஊசியின் தேவை சற்றே குறைந்திருக்கக்கூடும் என்றும், தாய்க்கோ குழந்தைக்கோ கேடு கூடியதாகத் தெரியவில்லை என்றும் கூறுகிறது. இரண்டாவதில் மருத்துவ உலகமே ஒருமித்துப் பேசவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2016-இல் வெளியிட்ட கருத்தில், வலி கட்டத்துக்கு நீரை ஏற்றுக்கொண்டாலும், குழந்தை வெளிவருவது நீருக்கு வெளியில்தான் நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரிட்டனிலோ, ஆபத்துக் காரணி இல்லாத பெண்கள் தண்ணீரிலேயே பிள்ளை பெறுவது பல இடங்களில் வழக்கமாக நடக்கிறது.

நான் இதைச் சொன்ன அன்று என் அம்மாயி கேட்ட கேள்வி இதுதான்: "ஏங்கண்ணு, தண்ணிக்குள்ள பொறந்தா கொளந்த மூச்சுக்கு என்ன பண்ணும்?" படித்தவர்கள் பலர் கேட்கத் தவறும் கேள்வி இது. பிறக்கும் நொடி வரை குழந்தைக்குப் பிராணவாயு தொப்புள்கொடி வழியாகவே வருகிறது. குளிர்ந்த காற்று முகத்தில் படுவதும் தொடுகையும்தான் முதல் மூச்சைத் தூண்டுபவை. ஆகவே நலமாக இருக்கும் குழந்தை, வெதுவெதுப்பான நீரிலிருந்து உடனே மேலே எடுக்கப்பட்டால், பெரும்பாலும் உள்ளே மூச்சு இழுப்பதில்லை. ஆனால் வலியின்போதே பிராணவாயு குறைந்து தவிக்கும் குழந்தை நீருக்குள்ளேயே மூச்சை இழுத்துவிடக்கூடும். இந்த 'ஆனால்' ஒன்றுக்காகத்தான், கீழே வரும் நிபந்தனைகளும் குழந்தையின் இதயத்துடிப்பை அடிக்கடி பார்ப்பதும்.

2. உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

பொதுவாக, ஒரே குழந்தையாக இருந்து, அதன் தலை கீழே திரும்பி, 37 வாரம் முடிந்து, 42 வாரம் தொடாமல், தாய்க்கு வேறு நோய் எதுவும் இல்லாதிருந்தால்தான் இந்த வழியைப் பற்றிப் பேசவே தொடங்குவார்கள். இரட்டைக் குழந்தை, குறுக்காகவோ கால் கீழாகவோ இருக்கும் குழந்தை, உயர் ரத்த அழுத்தம், இன்சுலின் போட வேண்டிய அளவுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல், ரத்தப்போக்கு, எச்.ஐ.வி. அல்லது ஹெபடைடிஸ் பி போன்ற தொற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வார்கள், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால் பெரும்பாலான இடங்களில் மறுப்பார்கள்.

நம் பகுதியில் அதிகம் தட்டுவது சர்க்கரையும் ரத்தசோகையும்தான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று கணக்கு. தண்ணீரில் எவ்வளவு ரத்தம் போயிற்று என்று அளப்பது கடினம் என்பதால், ஏற்கெனவே ரத்தம் குறைந்திருப்பவரைத் தொட்டியில் இறக்க மருத்துவர் தயங்குவார். எனக்கு 24-ஆவது வாரத்தில் 9.8 இருந்தது, 34-ஆவது வாரத்துக்குள் 11.2 ஆவதற்கு மாத்திரையோடு இரும்புச்சத்து ஊசியும் தேவைப்பட்டது. எனவே இந்த எண்ணம் இருப்பவர்கள் ஐந்தாம் மாதத்திலேயே ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றடைத்த தொட்டியை இணையத்தில் வாங்கி, காணொளி பார்த்து, வீட்டில் செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் காணொளிகளின் துணையோடு வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில், ரத்தப்போக்கு மிகுந்து ஓர் இளம் தாய் உயிரிழந்தார். அது தண்ணீர்ப் பிரசவம் அன்று. ஆனால் ரத்தப்போக்கு தொட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வருவதில்லை.

3. காகிதங்களை 20-ஆவது வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்

தனியார் மருத்துவமனைக்குத்தானே போகிறோம் என்று நினைத்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியாமல் விடுவது முதல் பொறி. தமிழ்நாட்டில் எங்கே பிரசவம் நடந்தாலும், பிறப்பைப் பதிவு செய்யும்போது, கர்ப்பத்தைப் பதிந்தபோது தந்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைக் கேட்பார்கள், பிக்மி எண் என்று பேச்சில் சொல்வது இதைத்தான். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஆதார், கணவரின் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றைக் கொடுத்து, முதல் மூன்று மாதத்துக்குள் பதிந்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது.

கட்டுச்சோறு விருந்து முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பதிவு புகுந்த வீட்டு ஊரில் இருக்கும். நீங்கள் தாய்வீட்டில் இருப்பீர்கள். தாய் சேய் நல அட்டையை மாமியார் வீட்டு பீரோவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு ஊர்ச் செவிலியர்களிடமும் தகவல் சொல்லிவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: அந்த அட்டை, ரத்த வகை அறிக்கை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, பால்வினை நோய்ப் பரிசோதனைகள், சர்க்கரைப் பரிசோதனை, 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் உறுப்பு ஸ்கேன், 36-ஆவது வார வளர்ச்சி ஸ்கேன், தடுப்பூசி விவரம், காப்பீட்டு அட்டை. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை எதிர்பார்த்திருப்பவர்கள் முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 18,000 ரூபாயில் ஒரு பகுதி அரசு மருத்துவமனைப் பிரசவத்தோடு பிணைந்தது. நான் விசாரித்த அரசு மருத்துவமனைகளில் தொட்டி வசதி இல்லை.

4. மருத்துவமனையைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்

நான் ஏமாந்தது இங்கேதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் சேர்ந்த மருத்துவமனையில், வரவேற்பறையில் தொட்டியின் பெரிய வண்ணப்படம் மாட்டியிருந்தது. 'எங்களிடம் எல்லா வசதியும் உண்டு' என்றார்கள். 20,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். 33-ஆவது வாரத்தில், தொட்டியை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். செவிலியர் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்து மூன்றாம் மாடியில் ஓர் அறையைத் திறந்தார். தொட்டி சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் குளுக்கோஸ் பாட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. வடிகால் குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. கடைசியாக எப்போது இதில் பிரசவம் நடந்தது என்று கேட்டதற்கு, அவர் சிரித்துவிட்டு, "நான் வந்து ஒன்றரை வருஷமாச்சுங்க, பார்த்ததில்லைங்க" என்றார். அவர் மீது எனக்குக் கோபமே இல்லை. அந்த மருத்துவமனையில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். முன்பணத்தில் 10,000 ரூபாய்தான் திரும்பி வந்தது.

ஆகவே, 24-லிருந்து 28 வாரத்துக்குள் நேரில் போய்த் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை பெண்கள் அதில் வலி தாங்கினார்கள், எத்தனை பேர் அதிலேயே பெற்றார்கள், எத்தனை பேரை நடுவில் வெளியே எடுத்தார்கள் என்று மூன்று எண்களைக் கேளுங்கள். மூன்றாவது எண் பூஜ்யம் என்று சொன்னால் சந்தேகப்படுங்கள். கவனமாகச் செய்யும் இடத்தில் சிலரையாவது வெளியே எடுத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் இருப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. பயிற்சி பெற்றவர் ஒரே ஒருவர் என்றால், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் உங்களுக்குத் தொட்டி இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் நீர் புகாத டாப்ளர் கருவி இருக்கிறதா, மயங்கிய தாயைத் தொட்டியிலிருந்து தூக்குவதற்கான வலையோ தூக்குப்படுக்கையோ இருக்கிறதா, அதை ஊழியர்கள் பழகிப் பார்த்திருக்கிறார்களா, அறுவை அரங்கு அதே மாடியில் இருக்கிறதா, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்பவற்றையும் கேளுங்கள். குழந்தையை அவசரமாக மேலே தூக்கும்போது குட்டையான தொப்புள்கொடி அறுந்துவிடும் ஆபத்து தண்ணீர்ப் பிரசவத்தில் உண்டு. கொடியை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி கையெட்டும் தூரத்தில் இருக்குமா என்று கேட்டபோது முகம் சுளிக்காமல் பதில் சொன்ன மருத்துவரைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

36 வாரத்துக்குப் பிறகு புதிதாக வருபவரைச் சேர்க்கப் பல இடங்களில் மறுப்பார்கள். எனக்கு 34-இல் கிடைத்தது அதிர்ஷ்டம்.

5. தண்ணீரையும் மின்சாரத்தையும் விசாரியுங்கள்

கோவை மருத்துவமனை ஒன்றில், "சிறுவாணித் தண்ணீர்தாங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். ருசிக்கும் கிருமிக்கும் தொடர்பில்லை. மாடித் தொட்டி எப்போது கழுவப்பட்டது, குளோரின் போடுகிறார்களா, தொட்டிக்கு வரும் குழாயில் நீர் எடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டு, அறிக்கையைப் பாருங்கள். 2016-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வீட்டுத் தண்ணீர்ப் பிரசவத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு லெஜியோனெல்லா என்ற கிருமியால் நுரையீரல் தொற்று வந்தது. அதில் ஒரு வீட்டில் தொட்டியை இரண்டு வாரங்களுக்கு முன்பே நிரப்பிச் சூடாகவே வைத்திருந்தார்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீர் கிருமிக்கு விளைநிலம். எனவே வலி வந்த பிறகுதான் நிரப்ப வேண்டும், ஒவ்வொருவருக்கும் புதிய உறை போட வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. 500 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6 யூனிட் மின்சாரம் வேண்டும். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர் ஒன்றுதான் இருக்கிறதென்றால், மூன்று மணி நேரம் ஆகும். மார்கழிக் குளிரில் இன்னும் கூடும். முதல் பிரசவத்தில் அந்த நேரம் கிடைத்துவிடும், இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் காத்திருக்காது. பெரிய கொதிகலனோ சூரிய வெப்ப அமைப்போ இருக்கிறதா என்று பாருங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாளில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் ஜெனரேட்டர் இணைப்பு அறுவை அரங்குக்கும் லிஃப்டுக்கும் மட்டுமே இருக்கும், கீசருக்கு இருக்காது.

தண்ணீரில் வேப்பிலை, மஞ்சள், கல்லுப்பு, எண்ணெய் எதுவும் போட வேண்டாம். பெரியவர்கள் அன்போடு கொண்டுவருவார்கள். அதைக் குழந்தை பிறந்து வீட்டுக்குப் போன பிறகு உங்கள் குளியலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. செலவை எழுத்தில் வாங்குங்கள்

எங்களுக்குச் சொன்ன தொகுப்புத் தொகை 78,000 ரூபாய், கட்டியது 1,04,000. வித்தியாசமான 26,000-இல், குழந்தை நல மருத்துவர் வருகைக்கு 6,000, கூடுதலாக ஒரு நாள் அறை வாடகை 4,500, தொட்டி உறை 4,000, மீதி 11,500 மருந்தும் ஆய்வகமும். இவற்றில் ஒன்றும் மோசடி இல்லை, முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நாங்கள் கேட்கவில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, பாதியில் தொட்டியை விட்டு வெளியே வந்தால் தொட்டிக் கட்டணம் திரும்புமா என்பது. அடுத்தது, சிசேரியன் ஆகிவிட்டால் மொத்தம் எவ்வளவு என்பது. அந்த இரண்டாவது தொகையைக் கையில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் இந்தத் திட்டத்தை மறுபரிசீலனை செய்யத்தான் வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் மகப்பேற்றுக்கு ஒன்பது மாதம் முதல் சில ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலமும் தொகை வரம்பும் இருக்கும்; கர்ப்பமான பிறகு வாங்கும் பாலிசி இதற்கு உதவாது. பனியன் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும் பெண்கள், 26 வார மகப்பேற்று விடுப்பில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்பதை வைத்துத் தேதியைத் திட்டமிடுங்கள்.

7. 38-ஆவது வாரத்தில் பக்கத்தில் வந்துவிடுங்கள்

கோபியிலிருந்து கோவை சுமார் 80 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம், நகருக்குள் நெரிசல் இருந்தால் அதற்கும் மேல். நான் பீளமேட்டில் பெரியம்மா வீட்டில் தங்கினேன். உறவினர் இல்லாதவர்கள் அறை வாடகையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் 108-ஐ அழைத்து, அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும். தொட்டியை நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகக் கூடாது.

8. அன்றைய நாள்

சீக்கிரமாகத் தொட்டியில் இறங்கினால் வலி தணிந்து பிரசவமே மெதுவாகிவிடலாம். என்னைக் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் இறக்கினார்கள். உட்கார்ந்தால் மார்பு வரை நீர் இருந்தது. சூடு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாயின் உடல் சூடேறினால் குழந்தையின் இதயத்துடிப்பும் ஏறும். மணிக்கு ஒருமுறை நீரின் சூட்டையும் என் உடல் வெப்பத்தையும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழந்தையின் துடிப்பையும் பார்த்தார்கள். முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். துணைக்கு இருப்பவர் இளநீரோ தண்ணீரோ கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். மயக்கம் தரும் வலி ஊசி போட்டிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் நீரில் இறங்கக் கூடாது.

மூன்று மணி நேரம் உள்ளே இருந்தேன். வலி போகவில்லை, ஆனால் ஒவ்வொரு வலிக்கும் இடையில் உடல் லேசாகி, தூக்கமே வந்தது. பிறகு பனிக்குடம் உடைந்தது. நீரில் வெளிறிய பச்சை நிறம் கலந்ததைச் செவிலியர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். இரண்டு நிமிடத்தில் என்னை வெளியே எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து மகள் பிறந்தாள், உடனே அழுதாள். பச்சை நீர், இதயத்துடிப்பில் மாற்றம், ரத்தப்போக்கு, காய்ச்சல், ரத்த அழுத்தம் ஏறுவது இவற்றில் எது வந்தாலும் வெளியே வருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால், அந்த நேரத்தில் யாரும் என்னிடம் வாதாட வேண்டியிருக்கவில்லை. நீங்களும் அப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நீரிலேயே பிறந்தால், குழந்தையின் முகம் மேலே வந்த பிறகு மீண்டும் நீருக்குள் போகக் கூடாது. நஞ்சுக்கொடி வெளிவருவதற்குத் தாய் தொட்டியை விட்டு வெளியேறிவிடுவது நல்லது. ரத்தப்போக்கை அப்போதுதான் கணக்கிட முடியும்.

9. பிறந்த பிறகு

முதல் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வீடு திரும்பும் முன் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, வைட்டமின் கே ஊசி ஆகியவை போடப்பட்டனவா என்று வெளியேற்றச் சுருக்கத்தில் பாருங்கள். நீரில் பிறந்த குழந்தைக்கு அடுத்த இரண்டு வாரங்களில் வேகமான மூச்சு, காய்ச்சல், பால் குடிக்காமை எது வந்தாலும், உள்ளூர் மருத்துவரிடம் 'தண்ணீரில் பிறந்த குழந்தை' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவராக ஊகிக்க வழியில்லை.

பிறப்புப் பதிவு 21 நாட்களுக்குள் கட்டணமின்றி முடிய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம். குழந்தை பிறந்த ஊரில்தான் பதிவு நடக்கும் என்பதால், கோவை மாநகராட்சி எல்லைக்குள் பிறந்த குழந்தைக்கு உங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் நின்று பயனில்லை. மருத்துவமனைதான் விவரத்தை அனுப்பும். அனுப்புவதற்கு முன் அந்தப் படிவத்தைக் காட்டச் சொல்லி, தாய் தந்தை பெயர்களை ஆதாரில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். எங்கள் படிவத்தில் கணவரின் முன்னெழுத்து விடுபட்டிருந்ததை அங்கேயே திருத்தினோம். பெயர் வைக்காமலும் பதியலாம். பிறகு பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்திய பிறகுதான் பெயர் வைப்போம் என்று இருக்கும் வீடுகளில், இந்த 12 மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.